பூல் பச்சையானால் குளோரினை அளந்து போடுங்கள்

விக்டோரியா நாள் நீண்ட வார இறுதி வந்தால் பிக்கரிங்கில் பின்வளவுக்குப் பின்வளவு பூல் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். அந்தக் கிழமையே எனக்குத் தொலைபேசி அழைப்புகளும் வரத் தொடங்கும். எல்லாருக்கும் ஒரே முறைப்பாடுதான்: குளிர்கால மூடியைக் கழற்றினோம், தண்ணீர் பச்சை.

ஸ்காபரோவிலிருந்து ரூஜ் ஆற்றைத் தாண்டி இங்கே வீடு வாங்கி வந்த எங்கள் ஆட்களில் பலருக்குப் பூல் வீட்டோடு சேர்ந்து வந்த பொருள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகள், பின்வளவில் வைனல் லைனர் போட்ட பூல். வாங்கும்போது கூரையைப் பார்ப்போம், ஃபர்னஸைப் பார்ப்போம், பேஸ்மென்டில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். பூல் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காததற்கான விலையை முதல் கோடையிலேயே கட்டவேண்டி வருகிறது.

ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சுருக்கம் இதுதான்: பாசியைக் கொல்லக் குளோரின் போதும். ஆனால் கண்மட்டத்துக்கு ஊற்றினால் வேலை நடக்காது. அளந்து ஊற்றவேண்டும், தேவையான அளவை விடாமல் பிடித்து வைத்திருக்கவேண்டும்.

முதலில் பிள்ளைகள்

தண்ணீர் பச்சையாகவோ கலங்கலாகவோ இருந்தால் ஒருவரையும் இறங்க விடாதீர்கள். கிருமி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மூழ்கிய பிள்ளையைக் கலங்கல் தண்ணீரில் காணமுடியாது. ஒன்ராறியோவின் பொது நீச்சல் குளங்களுக்கான 565ஆம் இலக்க ஒழுங்குவிதியில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. குளத்தின் ஆழமான இடத்தில் வெள்ளைப் பின்னணியில் 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள கறுப்பு வட்டம் ஒன்று இருக்கவேண்டும்; 9 மீற்றர் தூரத்தில் நின்று பார்த்தாலும் அது தெளிவாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் குளத்தைத் திறக்கக்கூடாது. வீட்டுப் பூலுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் அங்கே குளிப்பவர்கள் எங்கள் பிள்ளைகள். அந்தச் சட்டத்தை வீட்டிலும் வையுங்கள்: ஆழப் பக்கத்தில் தரை தெரியவில்லையா, வேலிக் கதவைப் பூட்டிவிடுங்கள்.

பச்சை ஏன் வருகிறது

பாசியின் வித்துகள் காற்றிலும் மழையிலும் எந்நேரமும் வந்து விழுந்துகொண்டிருக்கும். மே மாதக் கடைசியில் மேப்பிள் மரத்துக் காய்கள் சுழன்று சுழன்று விழும், ஜூனில் பொப்பிளர் மரத்துப் பஞ்சு பறக்கும், மகரந்தம் மஞ்சளாக மிதக்கும். பக்கத்துப் புல்வெளிக்குப் போட்ட உரமும் மழையோடு வந்து சேரலாம். இவை எல்லாம் பாசிக்குச் சாப்பாடு. குளோரின் போதுமான அளவில் இருந்தால் பாசி பெருக முன்பே செத்துவிடும். குளோரின் இறங்கிய ஒரு வெயில் நாள் கிடைத்தால் பாசி முந்திக்கொள்ளும். பச்சை நிறம் கண்ணுக்குத் தெரிய முன்பே சுவர் வழுவழுப்பாகிவிடும். கையால் தடவிப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு வகைப் பச்சையும் உண்டு. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, தரை தெரிகிறது, ஆனால் நிறம் மட்டும் பச்சை என்றால் அது பாசியாக இருக்காது. இரும்பு அல்லது செம்பு கரைந்திருக்கிறது. வடக்குப் பிக்கரிங்கில் கிளேர்மொன்ட் பக்கம் கிணற்றுத் தண்ணீரால் பூலை நிரப்புபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அந்தத் தண்ணீருக்குக் குளோரினைக் கூட்டினால் இரும்பு துருவாகி லைனரில் கறை பிடிக்கலாம். பாசி வந்த தண்ணீர் கலங்கும். அதுதான் அடையாளம்.

யாரும் பார்க்காத அந்த இலக்கம்

போன கோடையில் அம்பர்லீ பக்கம் புதிதாக வீடு வாங்கிய ஒரு தம்பி எடுத்தார்.

"அண்ணை, பூல் கீரை கடைஞ்ச மாதிரிக் கிடக்கு. கடையில தந்த மூண்டு மருந்தும் ஊத்தியாச்சு. அசையேல்லை."

"ஸ்டெபிலைசர் எவ்வளவு எண்டு பாத்தனீரோ?"

"அதென்ன அண்ணை?"

அந்த "அதென்ன"வில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. ஸ்டெபிலைசர் என்பது சயனூரிக் அமிலம். வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றுவது அதுதான். அது துளியும் இல்லாத தண்ணீரில் நல்ல வெயில் பட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். அதனால் அது வேண்டும். ஆனால் அது குளோரினைக் காப்பது தன்னோடு பிடித்து வைத்துத்தான். கூடிப்போனால் குளோரின் தண்ணீரில் இருக்கும், ஆனால் வேகமாக வேலை செய்யாது. பாசி தப்பிக்கொள்ளும்.

இந்த இலக்கம் கூடுவதற்குக் காரணம், மிதவையில் போடும் வெள்ளைப் பக். அது டிரைகுளோர். அதன் வழியாக 10 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 10 பங்கு) குளோரின் சேரும்போது கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் சேர்கிறது. ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் வேண்டும் என்று வையுங்கள். 100 நாள் கோடை முழுவதும் பக் மட்டுமே போட்டால் 120 பிபிஎம் ஸ்டெபிலைசர் ஏறிவிடும். குளோரினைப் போல அது வெயிலில் சிதைந்துபோகாது. பெரும்பாலும் தண்ணீர் வெளியே போனால்தான் குறையும். குளிர்காலத்துக்குப் பூட்டும்போது தண்ணீரை இறக்குவதாலும் பனி உருகி நிறைவதாலும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முந்தைய வீட்டுக்காரர் பல வருடம் பக்கிலேயே ஓட்டியிருந்தால், திறப்போடு சேர்த்து அந்த ஸ்டெபிலைசரும் உங்கள் கைக்கு வருகிறது.

தம்பியின் தண்ணீரைச் சோதித்தபோது 100 ஐத் தாண்டியிருந்தது. எந்த மருந்து ஊற்றியும் அசையாததற்கு அதுதான் காரணம்.

சோதனைப் பெட்டி

பட்டியைத் தோய்த்து நிறம் பார்க்கும் சோதனை பாசி வேலைக்குப் போதாது. பல பட்டிகளும் சாதாரணத் துளிச் சோதனைகளும் குளோரின் மிக அதிகமானால் நிறத்தையே வெளுத்துவிடும். நிறைய இருக்கும்போது ஒன்றுமே இல்லை என்று காட்டும். அதை நம்பி இன்னும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

எஃப்.ஏ.எஸ்.-டி.பி.டி. என்ற துளிச் சோதனைப் பெட்டியை வாங்குங்கள். டெய்லர் நிறுவனத்தின் கே-2006 பெட்டி இதற்குப் பெயர் போனது. செய்முறை இலகு. குழாயில் 10 மில்லிலீற்றர் பூல் தண்ணீர் எடுங்கள். முழங்கை அளவு ஆழத்தில் எடுக்கவேண்டும், மேலாக அள்ளக்கூடாது. அதில் பொடியைப் போட்டுச் சுழற்றினால் நல்ல ரோஜா நிறம் வரும். பிறகு மற்றப் போத்தலில் இருந்து துளித் துளியாக விட்டுச் சுழற்றிக்கொண்டே எண்ணுங்கள். ரோஜா நிறம் மங்கி மங்கி, ஒரு துளியில் தண்ணீர் பளிச்சென்று வெளுத்துவிடும். அந்தத் துளியோடு நிறுத்துங்கள். ஒரு துளிக்கு 0.5 பிபிஎம். 20 துளி போனால் 10 பிபிஎம். நிறத்தை ஒப்பிட்டுக் குழம்பத் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். இப்படிக் கிடைப்பது ஃப்ரீ குளோரின், அதாவது வேலை செய்யக் காத்திருக்கும் குளோரின். அதே குழாயில் அடுத்த மருந்தை விட்டால் திரும்பவும் ரோஜா நிறம் வந்தால் அது கம்பைன்ட் குளோரின், அதாவது அழுக்கோடு சேர்ந்துவிட்ட குளோரின்.

பூலடியில் மூக்கில் ஏறும் நெடி இந்தக் கம்பைன்ட் குளோரினின் நெடிதான். "குளோரின் கூடிப்போச்சு" என்று சனம் சொல்லும்; அழுக்கை முழுவதும் எரிக்கக் குளோரின் போதவில்லை என்பதே உண்மை.

கணக்கு

ஊரில் வெள்ளம் வடிந்த பிறகு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுக்குக் குளோரின் போடுவதைப் பார்த்தவர்கள் எங்களில் நிறையப் பேர். கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அளந்த பிறகுதான் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைப்பார்கள். இங்கேயும் அதே ஒழுங்குதான்.

பூலின் நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீற்றரில் பெருக்கி, 1000 ஆல் பெருக்குங்கள். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி 1.5 மீற்றர் ஆழம் என்றால் 75,000 லீற்றர். 12 வீதம் என்று போட்டு விற்கும் திரவக் குளோரினில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 120 கிராம் குளோரின் இருக்கிறது. இந்தப் பூலில் ஒரு லீற்றர் ஊற்றினால் 1.6 பிபிஎம் ஏறும்.

பாசியை அடியோடு கொல்ல, ஃப்ரீ குளோரின் ஸ்டெபிலைசரில் ஏறக்குறைய 40 வீதம் இருக்கவேண்டும். வட அமெரிக்காவில் வீட்டுப் பூல் வைத்திருப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு இது. ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 16 பிபிஎம் வேண்டும். நமது 75,000 லீற்றர் பூலுக்கு 10 லீற்றர் திரவக் குளோரின். அதே பூலில் ஸ்டெபிலைசர் 100 என்றால் 40 பிபிஎம் வேண்டும், 25 லீற்றர். அதுவும் ஒருமுறை ஊற்ற மட்டும். இறங்க இறங்கத் திரும்ப ஊற்றவேண்டுமே! அதனால்தான் ஸ்டெபிலைசர் மிகக் கூடிய பூலில் முதலில் பாதித் தண்ணீரை மாற்றுவது மலிவு. தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். ஆனால் ஒரேயடியாக முழுவதையும் இறைத்துவிடாதீர்கள். தண்ணீரின் பாரம் இல்லாவிட்டால் வைனல் லைனர் சுருங்கும், நிலத்தடித் தண்ணீர் அதைக் கீழிருந்து தூக்கும். ஏரிக்குக் கிட்ட இருப்பவர்கள் இன்னும் கவனம்.

சில பூல்களில் இதற்கு மறுவளமாக நடக்கும். குளிர்காலத்தில் மூடிக்குக் கீழே சில பக்டீரியாக்கள் ஸ்டெபிலைசரைத் தின்று அமோனியாவாக மாற்றிவிடும். மே மாதத்தில் சோதித்தால் ஸ்டெபிலைசர் பூச்சியம் காட்டும்; ஊற்றிய குளோரின் பத்து நிமிடத்தில் காணாமல் போகும். பயப்படவேண்டாம். 10 பிபிஎம் அளவுக்கு ஊற்றி, பத்து நிமிடத்தில் சோதித்து, பாதிக்கு மேல் போயிருந்தால் திரும்ப ஊற்றுங்கள். அமோனியா முடிந்ததும் குளோரின் நிற்கத் தொடங்கும். அதன் பிறகு ஸ்டெபிலைசரை 30க்குக் கொண்டுவந்து வேலையைத் தொடருங்கள்.

வேலை

இலை, குப்பை எல்லாவற்றையும் வலையால் அள்ளுங்கள். அடியில் ஊறிக் கிடக்கும் இலைகள் நீங்கள் ஊற்றும் குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும். தரை தெரியாவிட்டாலும் வலையைத் தரையில் உரசி உரசி இழுங்கள்.

குளோரினைக் கூட்டும் முன்பே பி.எச். அளவை 7.2 அளவுக்கு இறக்கி வையுங்கள். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் பி.எச். சோதனை சரியாகக் காட்டாது. குளோரின் திரும்ப இறங்கும்வரை பி.எச். அளவைத் தொடவும் வேண்டாம்.

பம்பை இரவு பகலாக ஓட விடுங்கள். தண்ணீர் திரும்பி வரும் வாய்க்கு முன்னால் நின்று, குளோரினை நூலாக, ஆறுதலாக ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அது கீழே இறங்கி லைனரின் நிறத்தை வெளுத்துவிடும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். தெறித்தால் உடுப்பில் வெள்ளைப் புள்ளி விழும், கண்ணில் பட்டால் விளையாட்டல்ல.

பிறகு பிரஷ். சுவர், படி, மூலை, ஏணிக்குப் பின்பக்கம், ஸ்கிம்மரின் உள்பக்கம், விளக்கைச் சுற்றியுள்ள இடுக்கு. பாசிக்கு மேல் ஒரு வழுவழுப்பான படலம் இருக்கிறது. அதைக் கிழித்தால்தான் குளோரின் உள்ளே போகும். வைனல் லைனருக்கு நைலோன் பிரஷ் மட்டும்தான். கம்பிப் பிரஷ் கிழித்துவிடும்.

முதல் நாள் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சோதித்து, இறங்கியதை ஊற்றி நிரப்புங்கள். அடுத்த நாட்களில் காலை, மதியம், மாலை பார்த்தால் போதும். முக்கியம் இதுதான்: ஒருமுறை நிறைய ஊற்றிவிட்டு நாலு நாள் பார்க்காமல் விடுவது, ஒன்றுமே ஊற்றாததற்குச் சமம். குளோரின் குறைந்த இடைவெளியில் மிச்சப் பாசி திரும்பப் பெருகிவிடும்.

பச்சை போய்ச் சாம்பல் நீலமாகக் கலங்கும். அது செத்த பாசி. குளோரின் தன் வேலையைச் செய்துவிட்டது, இனி ஃபில்டரின் வேலை. மணல் ஃபில்டர் என்றால் அழுத்தமானி, சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிடக் கால்வாசி கூடியவுடன் பக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் திருப்பி ஓடவிட்டு மணலைக் கழுவுங்கள். இந்தக் கட்டத்தில்தான் பலர் பொறுமை இழந்து கடைக்கு ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். அளவைப் பிடித்து வைத்திருங்கள், தெளியும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்

மூன்றும் சேர்ந்து வரவேண்டும். தண்ணீர் தெளிந்து ஆழப் பக்கத் தரை பளிச்சென்று தெரியவேண்டும். கம்பைன்ட் குளோரின் 0.5 பிபிஎம் அல்லது அதற்குக் கீழே இருக்கவேண்டும். சூரியன் மறைந்த பிறகு சோதித்து, விடிய வெயில் ஏற முன்பு திரும்பச் சோதித்தால், இரவில் 1 பிபிஎம்முக்கு மேல் இறங்கியிருக்கக்கூடாது. இரவில் வெயில் இல்லை. அப்படியும் குளோரின் குறைந்தால் அதைத் தின்ன உயிர் ஏதோ இன்னும் உள்ளே இருக்கிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெளிந்தவுடன் நிறுத்துபவர்களுக்குத்தான் இரண்டு கிழமையில் பச்சை திரும்பி வருகிறது.

மூன்றும் வந்த பிறகு குளோரினைத் தானாக இறங்க விடுங்கள். போத்தல் லேபிளில் எழுதியிருக்கும் அளவுக்கு வந்த பிறகே பிள்ளைகள் இறங்கலாம்.

வேண்டாத மருந்துகள்

செம்பு கலந்த பாசிக்கொல்லி பாசியை அடக்கும், ஆனால் செம்பு தண்ணீரிலேயே தங்கும். லைனரில் கறை வரலாம். பூலில் குளித்துத் தலைமயிர் பச்சையானால் குளோரினைத் திட்டுவார்கள். பச்சை வருவது செம்பால்.

கண்டதையும் கலப்பது எவ்வளவு கேடு என்பதை உலகமே 2016 ரியோ ஒலிம்பிக்கில் பார்த்தது. ஆகஸ்ட் 9ஆம் திகதி டைவிங் குளம் பச்சையாகிவிட்டது. காரணம், தொடக்க விழா நாளான ஆகஸ்ட் 5 அன்று ஒப்பந்தப் பணியாளர் ஒருவர் ஊற்றிய 160 லீற்றர் ஹைட்ரஜன் பெரொக்சைட். அதுவும் கிருமிநாசினிதான். ஆனால் அது குளோரினைச் செயலிழக்கச் செய்யும். குளோரின் விழுந்தது, பாசி எழுந்தது. அதேபோலப் பச்சையான ஒருங்கிசை நீச்சலுக்கான குளத்தின் தண்ணீரையே மாற்றவேண்டி வந்தது. ஒலிம்பிக் குளத்துக்கே இந்தக் கதி.

ஷெட்டில் வைக்கும் முன்

பக்கையும் கல்சியம் ஹைப்போகுளோரைட் தூளையும் ஒன்றாகச் சேர விடாதீர்கள். ஒரே கரண்டியைக்கூட இரண்டுக்கும் பாவிக்கக்கூடாது. தீப்பிடிக்கும். குளோரினோடு அமிலம் சேர்ந்தால் நச்சுவாயு. மருந்தைத் தண்ணீரில் போடவேண்டும், மருந்துக்கு மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. 2024 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் கோன்யர்ஸ் நகரில் பயோலாப் நிறுவனத்தின் பூல் மருந்துக் கிட்டங்கியில், தீயணைப்புத் தெளிப்பான் பழுதாகி மருந்தில் தண்ணீர் பட்டது. அதிலிருந்து எழுந்த குளோரின் புகையால் ஏறத்தாழ 17,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். 2020 ஆகஸ்டில் லோரா சூறாவளியின்போது லூசியானாவிலும் இதே நிறுவனத்தின் கிட்டங்கியில் மழைத்தண்ணீர் பட்டுத் தீப்பிடித்தது. பூல் ஷெட்டில் இருப்பதும் இதே மருந்துகள். குளிர்ச்சியான, ஈரமில்லாத, பூட்டிய இடத்தில் தனித்தனியாக வையுங்கள். திரவக் குளோரின் நாளாக ஆக வலு இழக்கும்; திகதி பார்த்துப் புதிதாக வாங்குங்கள்.

இறைக்கும் தண்ணீர் எங்கே போகிறது

குளோரின் இருக்கும் தண்ணீரைத் தெருவோரக் கானுக்குள் விடாதீர்கள். பிக்கரிங் தெற்கில் அந்தக் கான்களில் பல அம்பர்லீ, டன்பார்ட்டன், பைன், குரொஸ்னோ ஓடைகளுக்குப் போய், ஃப்ரெஞ்ச்மன்ஸ் பேயில் விழுகின்றன. அங்கே மீன் குஞ்சு பொரிக்கும் சதுப்பு இருக்கிறது. அதற்கப்பால் ஒன்ராறியோ ஏரி. நாங்கள் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீர். குளோரின் முற்றாக இறங்கிய பிறகு, எப்படி வெளியேற்றலாம் என்று நகரசபையைக் கேட்டு வெளியேற்றுங்கள்.

இனி வராமல் இருக்க

தண்ணீர் 15 பாகைக்கு மேல் சூடாக முன்பே வசந்தத்தில் மூடியைக் கழற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரில் பாசி மெதுவாகத்தான் வளரும். ஜூன் வரை வைத்திருந்தால் அதற்கு இடம் கொடுத்ததாகிவிடும். இலையுதிர் காலத்திலும் தண்ணீர் 15க்குக் கீழே இறங்கிய பிறகு பூட்டுங்கள். கோடையில் ஸ்டெபிலைசர் 40 என்றால் ஃப்ரீ குளோரின் ஒருநாளும் 3 க்குக் கீழே விழக்கூடாது. பக்கை விடுமுறைக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் திரவக் குளோரின் ஊற்றுங்கள். பிள்ளைகள் தலையில் எண்ணெய் இருந்தால் ஒரு ஷவர் எடுத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள். எண்ணெயும் வியர்வையும் சண்கிறீமும் குளோரினைத் தின்னும்.

ஒரு நல்ல சோதனைப் பெட்டியும் ஒரு பிரஷும் திரவக் குளோரினும் இருந்தால் பாசி பிடித்த எந்தப் பூலும் தெளியும். இந்தக் கோடையில் வேறு எதையும் வாங்க முன்பு அந்தப் பெட்டியை வாங்குங்கள், முதலில் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அதுவரை, தரை தெரியாத தண்ணீருக்குள் யார் கேட்டாலும், எவ்வளவு கெஞ்சினாலும், ஒருவரையும் இறங்க விடாதீர்கள்.